நெருப்பைக் காத்தவர்கள்

திண்டுக்கல் புனித வளனார் ஆலயத்தின் கட்டுமானப் பணி 1866இல் தொடங்கி 1872இல் நிறைவெய்தியது. அதன்பின் மூன்றாண்டுகள் கழித்து, 1875 செப்டம்பரில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே திறக்கப்பட்டது. ஆலய மணியோசைக்குப் பழகியிருந்த நம் முன்னோரின் செவிகளில் நீராவி எஞ்சினின் கூவல் முதன்முதலாக விழுந்தது அப்போதுதான். 1876 புத்தாண்டு நாளில் அப்பாதை தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. அதனைத் தொடர்ந்து வந்தது தாது வருடப் பஞ்சம். பசித்த ஊர்களுக்குத் தானியத்தைக் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான். விலை மிகுதியாகக் கிடைத்த இடங்களுக்கு அதை ஏற்றிச் சென்றதும் அதே வண்டிதான். மனிதர் கையில் உள்ள எந்தக் கருவிக்கும் இவ்விரண்டு முகங்கள் உண்டென்பதை நம் சமவெளி அன்றே கண்டுகொண்டது.

கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறங்கி மாட்டுவண்டி ஏறி மலையடிவாரம் சேர்ந்தனர். 1895இல் எழுந்த செண்பகனூர் திருஇருதயக் கல்லூரிக்கு வந்த இயேசு சபைத் துறவியர் பலருக்கும் மலைப்பயணத்தின் வாயில் அந்தச் சிறு நிலையமே. 1928இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு மற்றொரு பாதை திறக்கப்பட்டது. திண்டுக்கல் ஒரு சந்திப்பு நிலையமாயிற்று. அந்நாள் தொட்டு ஏறத்தாழ மூன்று தலைமுறைகள், கரியும் தண்ணீரும் நெருப்பும் கொண்டு உழைக்கும் மனிதரை இவ்வூர் தன் தெருக்களில் அன்றாடம் கண்டது. விடியுமுன் சோற்றுத்தூக்குடன் வேலைக்குச் சென்று, மறுநாள் கரிபடிந்த முகத்துடன் திரும்பிய தந்தையரை நம் பங்குகளில் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

இன்று அதே வழியில் மின்சார எஞ்சின்கள் விரைகின்றன. மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகிவிட்டது. பழனிப் பாதையிலும் 2012இல் அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்கியது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. நீராவி எஞ்சினின் புகை நுரையீரலுக்கு நல்லதன்று. அதன் நெருப்பறையின் முன் நின்றவர் பட்ட வெப்பம் கொடிது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஒரு தொழில் மறையும்போது, அதோடு மறைவது இரும்பு மட்டும்தானா?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டின் கடற்கரையிலுள்ள டவின் என்னும் சிற்றூரிலிருந்து மலைக்குள் ஏறிச் செல்லும் டாலிலின் என்ற குறும்பாதை 1865இல் அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏழேகால் மைல். தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் இரண்டே கால் அடி. பிரின் எக்லுயிஸ் என்னும் சுரங்கத்திலிருந்து கூரை வேயும் பலகைக்கல்லைக் கொண்டுவரவே அது போடப்பட்டது. அப்பெயருக்கு அந்நாட்டு மொழியில் 'கோவில் குன்று' என்பது பொருள். 1946இன் இறுதியில் சுரங்கம் இடிந்து மூடப்பட்டது. பாதையின் உரிமையாளரான ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடிருக்கும்வரை வண்டியை நிறுத்துவதில்லை என்று உறுதி கூறியிருந்தார். அவ்வாறே 1950இல் தாம் மறையும்வரை நட்டத்திலேயே நடத்தினார். அவர் மறைந்தபோது தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது பெரும்பாலும் மண்ணும் புல்லுமே. ஓடும் நிலையில் இருந்தது 1866இல் செய்யப்பட்ட ஒரே ஓர் எஞ்சின்.

பழைய இரும்பு வணிகர்க்கு அப்பாதை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் 1950 அக்டோபரில் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர். இப்பாதையை ஊதியம் பெறாத தொண்டர்களே நடத்த முடியுமா என்பது அங்கு எழுந்த வினா. உலகில் எங்கும் அதுவரை எவரும் செய்திராத செயல் அது. ஒரு சங்கம் அமைந்தது. எழுத்தர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் தம் விடுமுறை நாட்களில் வந்து புல் வெட்டினர், கட்டைகளை மாற்றினர், வண்டிகளைச் செப்பனிட்டனர். 1951 மே 14ஆம் நாள் தொண்டர்கள் நடத்திய முதல் வண்டி டவினிலிருந்து புறப்பட்டது. அந்நாள் தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் சிறு புன்னகையோடு நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டில் அங்கே கார்டாகத் தொண்டு செய்ய வந்தவர்களுள் வில்பர்ட் ஆட்ரி என்னும் ஆங்கிலிக்கன் குருவும் ஒருவர். சிறுவர்க்கான எஞ்சின் கதைகளை எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவரே. பீடத்தின் முன் நிற்கும் கரங்கள் கொடியையும் ஊதலையும் பிடிப்பதில் அவர் முரண்பாடு எதையும் காணவில்லை.

டாலிலின் காட்டிய வழியை மற்றவர்கள் பின்பற்றினர். தென் வேல்ஸில் பாரி என்னுமிடத்தில் ஒரு பழைய இரும்புக் கிடங்கு இருந்தது. உடைப்பதற்காக அங்கு வந்த எஞ்சின்கள் கடற்காற்றில் துருவேறி ஆண்டுக்கணக்கில் நின்றன. உடைப்பதற்கு எளிதான சரக்குப் பெட்டிகளை உரிமையாளர் முதலில் எடுத்துக்கொண்டதால் எஞ்சின்களுக்குக் காலம் கிடைத்தது. அந்த இடைவெளியில் தொண்டர் குழுக்கள் சிறு சிறு தொகைகளாகத் திரட்டி, 1968 தொடங்கி 1990 வரை 213 எஞ்சின்களை விலைக்கு வாங்கி மீட்டன. மீட்ட பிறகு அவற்றுள் ஒன்றை மீண்டும் ஓடச்செய்ய பத்து ஆண்டுகளும் இருபது ஆண்டுகளும் உழைத்த குழுக்கள் உண்டு. இன்று பிரித்தானியாவின் மரபு இருப்புப்பாதைகளில் ஊதியமின்றி உழைப்போர் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்கின்றனர். டாலிலின் பாதையை உள்ளடக்கிய வடமேற்கு வேல்ஸ் பலகைக்கல் நிலப்பகுதியை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

இத்தொண்டர்கள் செய்வது என்ன? வார இறுதியில் எஞ்சினில் ஏறிக் கூவல் எழுப்பி மகிழ்வதுதான் என்று நாம் எண்ணினால் தவறு. எஞ்சினுக்கு அருகில் வரும் எவருக்கும் முதல் வேலை துடைப்பது. எண்ணெயும் கரிப்பிசுக்கும் படிந்த சக்கரங்களைப் பஞ்சுக் கழிவால் துடைக்கும்போதே எந்தத் தண்டு எதோடு இணைகிறது, எங்கே விரிசல் விழும், எங்கே எண்ணெய் வற்றும் என்பதைக் கண்ணும் கையும் கற்றுக்கொள்கின்றன. அடுத்த வேலை நெருப்பறையிலிருந்து முந்தைய நாளின் சாம்பலை அகற்றுவது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நெருப்பு மூட்டினால் நீராவி அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் உலோகம் சீரின்றி விரிந்து பழுதுபடும். ஆகவே காலை பத்து மணி வண்டிக்கு விடியுமுன்பே ஒருவர் வந்து தீமூட்டியாக வேண்டும். அவரைப் பயணியர் எவரும் காண்பதில்லை.

பயர்மேனின் வேலை கரியை அள்ளி எறிவதன்று. எங்கே நெருப்பு மெலிந்திருக்கிறதோ அங்கே, மெல்லிய படலமாக, வேண்டிய நேரத்தில் இட வேண்டும். ஏற்றம் வரப்போவதை முன்னுணர்ந்து நெருப்பை வளர்க்க வேண்டும். நீர்மட்டக் கண்ணாடியின்மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். நீர் தாழ்ந்து நெருப்பறையின் கூரை வெறுமையானால், அங்கே பொருத்தப்பட்டுள்ள ஈயத்திருகு உருகி நீராவியை நெருப்பின்மேல் கொட்டும். அந்தக் காவலும் தவறினால் கொதிகலன் வெடிக்கும். வறண்ட நாடுகளில் இன்னொரு பகை உண்டு. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீர் கொதிகலனின் குழாய்களில் படிவாக இறுகும். அதை முறையாகக் கழுவி எடுக்காவிட்டால் எஞ்சினின் ஆயுள் குறையும். நம் திண்டுக்கல் சமவெளி போன்ற மண்ணில் எஞ்சின் ஓட்டியவர்கள் இதை நூலில் படித்து அறியவில்லை. தண்ணீரைக் கையில் ஏந்தி அறிந்தார்கள்.

இந்த அறிவுதான் நாம் கேட்ட வினாவுக்கு விடை. நூலில் இதில் பாதிதான் ஏறும். மறுபாதி ஒருவர் பக்கத்தில் மற்றொருவர் நின்று கற்பது. கிளீனராகச் சேர்ந்தவர் பயர்மேனாகி, பயர்மேன் டிரைவராகும் அந்த நீண்ட ஏணியில் ஒவ்வொரு படியிலும் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓடாத எஞ்சினை மேடையில் ஏற்றி வண்ணம் பூசி வைக்கலாம். அதன் உருவம் நிலைக்கும், ஆனால் அதை ஓட்டும் திறம் நிலைக்காது. எஞ்சின் ஓடினால்தான் அதைக் கற்பிப்பவரும் கற்பவரும் இருப்பர்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகைவரை 1908இலும் திறக்கப்பட்ட நீலகிரி மலைப்பாதையில், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இன்றும் நீராவி எஞ்சின்கள் ஏறுகின்றன. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 208 வளைவுகளும் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் உள்ளன. தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் கீழிருந்து வண்டியைத் தள்ளிச் செல்கிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். 2005இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

அந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914க்கும் 1952க்கும் இடையே செய்யப்பட்டவை. அவை முதுமையடைந்தபோது புதியவற்றை விற்கும் தொழிற்சாலை உலகில் எங்கும் இல்லை. அப்போது பொன்மலை முன்வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இடம் மாறி, நம் பொள்ளாச்சிப் பாதை திறந்த அதே 1928இல் தொடங்கிய பணிமனை அது. 2011 முதல் எண்ணெயால் இயங்கும் நான்கு புதிய மலை எஞ்சின்களைப் பொன்மலைத் தொழிலாளர் செய்தளித்தனர். 2021இல் கரியால் இயங்கும் ஒன்றையும் செய்தனர். இந்தியாவில் நீராவி எஞ்சின் உற்பத்தி 1972இலேயே நின்றுவிட்டதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். சென்னை பெரம்பூர்ப் பணிமனையும் இவ்வகையில் பெருமைக்குரியது. 1855இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ஃபேரி குயின் எஞ்சின் 1997இல் மீண்டும் ஓடத் தொடங்கியதும், அதே ஆண்டில் பிறந்த ஈ.ஐ.ஆர். 21 எஞ்சின் ஒரு நூற்றாண்டு உறக்கத்துக்குப் பின் 2010 சுதந்திர நாளன்று சென்னையில் ஓடியதும் பெரம்பூர்த் தொழிலாளர் கைவண்ணத்தால்தான்.

இவர்கள் ஊதியம் பெறும் ஊழியர்கள். வேல்ஸ் நாட்டுத் தொண்டர்களைப் போன்றவர்கள் அல்லர். நம் நாட்டில் இருப்புப்பாதை அரசுடைமை. ஆர்வமுள்ள குடிமகன் ஒருவர் ஷவலை எடுத்துக்கொண்டு எஞ்சினில் ஏறிவிட இயலாது. ஆகவே இங்கே தொண்டு வேறு வடிவம் கொள்கிறது. 1999இல் தோன்றிய இந்திய நீராவி ரயில் சங்கமும், நீலகிரிப் பாதைக்காகக் குரல் கொடுத்துவரும் ஹெரிடேஜ் ஸ்டீம் சேரியட் டிரஸ்ட்டும் இத்தகைய குடிமக்களின் முயற்சிகளே. மனு எழுதுவதும், ஆவணம் திரட்டுவதும், பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதும் அவர்களின் கரி அள்ளும் வேலை.

ஏழைகள் நிறைந்த நாட்டில் பழைய எஞ்சினுக்கு இவ்வளவு பரிவு ஏன் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த எஞ்சினை ஓட்டியவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த ரயில்வேத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் உயிரிழந்தனர். நீராவியின் வரலாறு அவர்களின் வரலாறும் ஆகும். பித்தளையை மெருகேற்றிவிட்டு, அதைத் துடைத்த கையை மறந்துவிடுவோமானால் நாம் காப்பது மரபன்று, பொம்மை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித வளனாரின் விழாவாக ஏற்படுத்தினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளைவிடச் செய்யும் மனிதரிடமே அடங்கியிருக்கிறது என்று கற்பித்தார். வளனாரின் பெயரால் விளங்கும் ஆலயத்தைத் தன் நடுவில் கொண்ட நகரம் இதை மறக்கலாகாது.

திண்டுக்கல்லுக்கு இது புதிய பாடமும் அன்று. நம் ஊரின் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கையால் பூட்டுச் செய்வோர் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். பட்டயம் வந்தது, பட்டறைக்குப் பிள்ளைகள் வரவில்லை. மறுபுறம், முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். நேர்ச்சையாக வரும் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் பெரிய அண்டாக்களில் வெந்து ஆயிரக்கணக்கானோர்க்குப் பந்தியாகப் பரிமாறப்படுகின்றன. அந்த அடுப்புகளின் முன் நிற்பவர்க்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. எவ்வளவு விறகு வைக்க வேண்டும், எப்போது தணலைப் பரப்ப வேண்டும் என்பதை மூத்தவர் இளையவர்க்குக் காட்டிக்கொடுக்கின்றனர். அந்த விருந்து ஆண்டுதோறும் நடப்பதால்தான் அத்திறமும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது. வேல்ஸ் தொண்டர்கள் செய்ததும் இதுவே. அவர்களைப் புரிந்துகொள்ள நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

லேவியர் நூலின் ஆறாம் அதிகாரம் பீடத்து நெருப்பைப் பற்றிப் பேசுகிறது. அது அணையலாகாது; நாள்தோறும் காலையில் குரு அதன்மேல் விறகிட வேண்டும். அதற்கு முன்பாக அவர் செய்ய வேண்டிய பணி சாம்பலை அள்ளுவது. மெல்லிய நார்ப்பட்டு உடுத்தி இரவின் சாம்பலை எடுத்து வைத்து, பின் வேறு உடை மாற்றி அதைப் பாளையத்துக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும். இதை வாசிக்கும்போதெல்லாம், அணையா நெருப்பின் மாட்சியை மட்டுமே நாம் எண்ணுகிறோம். சாம்பல் அள்ளும் வேலை நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால் சாம்பல் அள்ளப்படாத இடத்தில் நெருப்பு மூச்சுத் திணறும் என்பதை எந்தப் பயர்மேனும் சொல்வார். பங்கு ஆலயத்தைப் பெருக்குபவர், பாடகர் குழுவின் நூல்களை அடுக்கி வைப்பவர், மறைக்கல்வி வகுப்புக்கு விடுமுறையிலும் வருபவர் ஆகியோர் செய்வது இவ்வேலைதான். பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிபற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்ததை நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். அதன் நாள்தோறுமான உருவம் பெரும்பாலும் இத்தகைய பெயரற்ற பணிகளே.

இறுதியாக, நமக்கென்று ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. தெற்கு ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதைகளில் 1980களிலும் நீராவி எஞ்சின்கள் ஓடின. நாட்டின் அன்றாட வண்டிகளிலிருந்து அவை 2000ஆம் ஆண்டளவில் முற்றிலும் விடைபெற்றன. 1985இல் இருபத்தைந்து வயது நிரம்பிய பயர்மேன் இன்று அறுபத்தைந்தை எட்டியிருப்பார். அவருக்குக் கற்பித்தவர் இருந்தால் எண்பதையும் தாண்டியிருப்பார். அவர்கள் நம் பங்குகளில், நம் அன்பியங்களில், ஞாயிறு திருப்பலியின் பின் வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் நாம் என்ன கேட்டிருக்கிறோம்? ஓய்வூதியம் வந்ததா என்று கேட்டிருப்போம். முழங்கால் வலி எப்படி என்று கேட்டிருப்போம். எந்த நிலையத்துத் தண்ணீர் கொதிகலனுக்கு ஆகாது, எந்த ஏற்றத்தில் நெருப்பை எப்படி வளர்த்தீர்கள், மழையில் சக்கரம் வழுக்கினால் என்ன செய்தீர்கள் என்று கேட்டோமா?

இளைஞர் இயக்கத்தார் இதை ஏற்றுச் செய்யலாம். பெரும்பொருள் தேவையில்லை, கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்யும். ஒரு பெரியவர், ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம். அவர் கணவர் இரவுப் பணிக்குச் சென்ற நாட்களை நினைவுகூரும் மூதாட்டியரையும் விட்டுவிடலாகாது. கரிபடிந்த உடைகளைத் துவைத்ததும், நேரம் தப்பிய உணவைக் காத்து வைத்ததும் அவர்களே. எழுதி வைப்பதைப் பங்கு ஆலய நூலகத்தில் சேர்க்கலாம். பின்னொரு நாளில் எவரேனும் இச்சமவெளியின் வரலாற்றை எழுத முற்படும்போது, அரசு ஆவணங்களில் காணக்கிடைக்காத ஒரு பக்கம் அங்கே கிடைக்கும்.

டாலிலினில் 1950இல் எஞ்சியிருந்தது ஓடக்கூடிய ஒரே எஞ்சின். அது நின்றுபோவதற்குள் மனிதர்கள் வந்துவிட்டனர் என்பதே அக்கதையின் சாரம். நம்மிடம் எஞ்சியிருப்பவர் மனிதர்கள். நாமும் நேரத்தோடு போய்ச் சேர்வோமாக.